பாசி தின்னும் மீன்

— மீன் தொட்டியில அந்த மூலையில இன்னும் பாசி இருக்கு பாருங்க. மோட்டார் பைப்புக்குப் பின்னாடி.

— தெரியுது மீனா. கை உள்ள போகமாட்டேங்குது.

— போன ஞாயித்துக்கெழமையும் இதத்தான் சொன்னீங்க. நமக்குத்தான் கை போகல. பாசி மட்டும் எப்படித்தான் போகுதோ.

— பழைய ஏடிஎம் கார்டு வேற இருக்கா? இது வளைஞ்சுருச்சு.

— சம்பளம் வர்ற கார்டுதான் இருக்கு. அதையும் குடுத்துரவா, சொரண்டுறீங்களா?

— கேலி பண்ணாத. அந்த வாளிய இப்படித் தள்ளு. மூணுல ஒரு பங்குத் தண்ணிய மாத்தினாப் போதும்.

— மூணு மாசமா மாத்துறோம். செவ்வாக்கெழமை தெளியும், வியாழக்கெழமை திரும்பப் பச்சை. என் கையில சோறு பெசஞ்சா பாசி வாடை அடிக்குது எனக்கு.

— அதாவது, வெளிச்சந்தான் காரணம். லைட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல எரியக்கூடாது. நீ காலையில போட்டா பாப்பா தூங்குற வரைக்கும் எரியுது. சன்னல் வெயிலு வேற. பாசி வளராம என்ன செய்யும்?

— லைட்ட அமத்துனா ஒங்க மக வாயத் தொறக்கமாட்டா. மீனு தெரிஞ்சாத்தான் ஒரு வாய் இட்லி உள்ள போகும். நீங்க காலேஜு ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து ரசீது போடுறவரு. இங்க மூணு வயசுப் பிள்ளையோட மல்லுக்கட்டுறது நானு.

— அவ தீனி டப்பாவையும் கவுத்துறா. திங்காத தீனி அடியில அழுகுது. அதாவது, அது பாசிக்கு ஒரம் மாதிரி.

— சரிங்க. எல்லாம் எங்க தப்புதான். நானும் எம்மகளும் சேந்து பாசி வெவசாயம் பாக்குறோம். பசுமலையிலேயே நாங்கதான் பெரிய சம்சாரி.

— மீனா, எனக்கு அசதியா இருக்கு.

— எனக்கு மட்டும் என்ன? வாரத்துல கெடைக்கிறது ஒரு ஞாயிறு. அது இந்தக் கண்ணாடியச் சொரண்டுறதுலயே போகுது. பேசாம அந்த மீனு ரெண்டு வாங்கிட்டு வந்து போடுங்க.

— எந்த மீனு?

— தெரியாத மாதிரி கேக்குறதப் பாரு. டேங்க் கிளீனருங்க. கண்ணாடியில வாய ஒட்டிக்கிட்டு பாசியத் திங்குமே, கருப்பா, முதுகுல முள்ளோட. முன்னாடி நாலு கெடந்துச்சுல்ல? அதுக இருந்த வரைக்கும் தொட்டி பளிங்கு மாதிரி இருந்துச்சு.

— அது வேணாம்.

— ஏன், சொல்லுங்க பாப்போம்.

— வேணாம்னா விடு. பெருசா வளந்துரும். தங்க மீனக் கடிக்கும்.

— வளந்தா என்ன, அப்ப மாதிரி கடையில திருப்பிக் குடுத்துட்டு வாங்க.

— அந்தக் கார்ட இங்க குடு.

— கார்டு ஒங்க கையிலதான் இருக்கு. என்னாச்சு ஒங்களுக்கு? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— கடையில வாங்கிக்கலை மீனா.

— எத வாங்கிக்கலை?

— அந்த நாலு மீனையும். முழங்கை நீளத்துக்கு வளந்துருச்சுன்னு கொண்டு போனேன்ல? கடைக்காரன் பாத்துட்டு சிரிச்சான். 'இம்புட்டுப் பெருச வச்சு நான் என்னண்ணே செய்ய? அடிச்சுக் குப்பையில போடுங்க'ன்னான்.

— குடுத்துட்டேன்னு சொன்னீங்க.

— சொன்னேன். அப்ப நீ ஏழு மாசம். புள்ளத்தாச்சி புருசன் ஒரு உசுரையும் கொல்லக்கூடாதுன்னு ஒங்க வீட்டுலயும் எங்க வீட்டுலயும் மாத்தி மாத்திச் சொன்னாங்க. அந்த மூணு மாசமும் நான் கொசுவக்கூட அடிக்கலை. சொவத்துல பூரான் ஏறுச்சுன்னு பேப்பர்ல தள்ளி, காம்பவுண்டுக்கு வெளிய கொண்டு போயி விட்டேன்.

— பூரான் கதை கெடக்கட்டும். மீன என்ன செஞ்சீங்க?

— வளைகாப்பு முடிஞ்சு ஒன்னய ஒங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்கல்ல? மறுநாளு ஒன் துணிப் பைய எடுத்துக்கிட்டு நான் வண்டியில வந்தேன்.

— ஆமா.

— வண்டியில ஒரு பெயிண்டு வாளியும் இருந்துச்சு.

— வாளியில?

— ஒங்க ஊருக் கண்மாயில விட்டேன் மீனா. தண்ணி நெறஞ்சு கெடந்துச்சு. பொழைச்சுக்கிரட்டும்னு நெனைச்சேன். நமக்குப் பொறக்கப் போற பிள்ளைக்குப் புண்ணியம்னு நெனைச்சேன்.

— அய்யோ!

— மெதுவா. பாப்பா முழிச்சுக்கிருவா.

— அப்ப எங்கண்ணன் வலையக் கிழிக்கிறது... அந்த முள்ளு மீனு...

— போன மாசம் மீன்பிடித் திருவிழா அன்னிக்கு மச்சான் போன்ல படம் அனுப்புனாருல்ல? அதப் பாத்தப்பத்தான் எனக்கே தெரியும். ஆபீஸ்ல உக்காந்து அந்தப் படத்தப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன்.

— போன மாசமே தெரியும். ஒரு மாசமா என் பக்கத்துல படுத்துக் கெடந்திருக்கீங்க. எங்கண்ணன் போன் பண்றப்பல்லாம் 'மச்சான் சாப்டீங்களா'ன்னு கேட்டுருக்கீங்க.

— சொல்ல வாய் வரலை.

— நான் அங்க நின்னேனுங்க. கண்மாய்க்குள்ள எறங்குன சனம் அம்புட்டும் ஊத்தாக் கூடையக் கவுத்துக் கவுத்து அமுக்குது. மேல இருக்கிற ஓட்டையில கைய விட்டா முள்ளு. கெண்டை இல்ல, விரால் இல்ல, கெளுத்தி இல்ல. எல்லாம் அந்தக் கருப்புதான். சின்னப் பிள்ளைக கையெல்லாம் ரத்தம். கரையில குமிச்சுப் போட்டுட்டு வெறுங்கூடையோட போனாங்க. அன்னிக்கு எங்க ஊருல ஒரு வீட்டுலகூட மீன் கொழம்பு கொதிக்கலை.

— தெரியும்.

— என்ன தெரியும் ஒங்களுக்கு? கண்மாய் மீனக் குத்தகை எடுத்த எங்கண்ணன் மடை மேல தலையில துண்டப் போட்டு உக்காந்திருந்துச்சு. நான் பக்கத்துல போயி, 'எந்தப் படுபாவி விட்டானோ, அவன் கை அழுகிப்போகும்ணே'ன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன்.

— சொல்லு. தப்பில்ல.

— நம்ம தொட்டியில கெடந்த மீனு மாதிரி இருக்கேன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. உடனே, 'ச்சீ, அவருதான் கடையில குடுத்துட்டாரே'ன்னு அந்த நெனப்பையே அழிச்சேன்.

— அதாவது மீனா, நாலு மீனு ஒரு கண்மாயவே அழிச்சுருமான்னு தெரியலை. கால்வாய்த் தண்ணியில வந்திருக்கலாம். வேற எவனாச்சும் விட்டிருக்கலாம்.

— விட்டிருக்கலாம். ஆனா நீங்க விட்டீங்க.

— ஆமா. நான் விட்டேன்.

— கரையில பொந்து பொந்தா நோண்டி வச்சிருக்காம். தண்ணி தொறந்தா கரை நிக்குமான்னு ஊரே பயந்து கெடக்கு. நேத்து அதுக்குத்தான் கூட்டம். எங்கண்ணன் இப்ப ஒரு மணிக்கு இங்க வருது.

— தெரியும். வரட்டும். சொல்லிர்றேன்.

— எப்படிச் சொல்லுவீங்க?

— வாளியில இருந்து ஆரம்பிக்கணும்.

— எங்கண்ணன் அடிச்சா?

— வாங்கிக்கிறேன்.

— அடிக்காதுங்க. அதுதான் எனக்குப் பயம். துண்ட எடுத்து ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிரும். அப்புறம் இந்த வாசப்படி மிதிக்காது. பாப்பாவுக்கு ஆவணியில காது குத்தணும். யாரு மடியில உக்கார வைப்பேன்? நல்லது கெட்டதுக்கு எனக்கு இருக்கிறது அந்த ஒரு அண்ணன்.

— அப்ப சொல்லாம இருந்துரவா?

— நான் அப்படிச் சொன்னேனா?

— என்ன செய்யணும்னு நீதான் சொல்லணும். எனக்கு ஒண்ணும் ஓடலை. ஒரு மாசமா நான் தூங்கலை மீனா. கண்ண மூடுனா வாளி கவுறுது.

— சோறு பொங்கிட்டேன். ரசம் மட்டும் பாக்கி. எங்கண்ணனுக்குப் புடிக்கும்னு மொறுமொறுன்னு வறுத்து வச்சிருக்கேன், மொச்சையும் கருவாடும். சோத்துக்கு முன்னாடி சொல்லிருங்க. மறைச்சு வச்சுக்கிட்டு அதுக்கு எல போட என்னால முடியாது. சொல்லிட்டா, அது சாப்பிடுறதும் எந்திரிச்சுப் போறதும் அதோட இஷ்டம்.

— சரி.

— வண்டிச் சத்தம் கேக்குது. வாளிய ஓரமா வைங்க.

— மீனா! என்னத்தா இது, வீடு பூராம் கண்மாய் வாடை அடிக்குது?

— வாண்ணே. தொட்டி கழுவிக்கிட்டு இருக்கோம். செருப்ப அங்கயே விடு, தண்ணியா கெடக்கு.

— மாப்ள, நல்லாருக்கீங்களா? கையெல்லாம் பச்சப் பசேல்னு இருக்கு!

— வாங்க மச்சான். இப்படி உக்காருங்க.

— மருமக எங்கத்தா?

— தூங்குறா. இந்தா, தண்ணி குடி.

— குடு. வெயிலு மண்டையப் பொளக்குது. நீங்க ஏன் மாப்ள நிக்கிறீங்க? உக்காருங்க.

— இருக்கட்டும் மச்சான். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— நானும் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். மொதல்ல நான் சொல்லிக்கிறேன், வச்சுக்கங்க. நேத்துல இருந்து நெஞ்சுல கெடக்கு.

— இல்ல மச்சான், நான் சொல்லிட்டா...

— இருங்க மாப்ள. கார்டக் கீழ வச்சுட்டு நான் சொல்றதக் கேளுங்க. நேத்து கூட்டத்துல பேயாண்டிப் பெரியப்பா எந்திரிச்சு, 'மருது தங்கச்சி வீட்டுலதான்டா கண்ணாடித் தொட்டி இருக்கு, அங்க இருந்துதான் வந்திருக்கும்'னாரு. சனம் அம்புட்டும் திரும்பி என்னயப் பாத்துச்சு.

— அண்ணே...

— அழாதத்தா. நான் எந்திரிச்சு, 'நான்தான் விட்டேன்'னு சொல்லிட்டேன்.

— மச்சான்!

— 'பாசியத் திங்கும், தண்ணி தெளிஞ்சா மீனு கூடப் புடிக்கலாம்னு எவனோ சொன்னான், நம்பி வாங்கி விட்டேன்'னு சொல்லி, கையெடுத்துக் கும்புட்டேன். அவங்க நம்பிட்டாங்க. குத்தகை இனிமே எனக்குக் கெடையாது. கரைப் பொந்த நானே முன்ன நின்னு அடைக்கணும். அதோட விட்டாங்க.

— ஒங்களுக்கு எப்ப மச்சான் தெரியும்?

— நீங்க விட்ட அன்னிக்கே தெரியும். நீங்க வாளியோட கரையில எறங்குறப்ப நான் மடைக்கிட்ட சீமக்கருவேல் வெட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு கும்புடு போட்டுட்டு விட்டீங்க. என்ன மீனுன்னு நான் எறங்கி வந்து கேட்டுருக்கணும். கேக்கலை. நல்லாத் தாட்டியா இருக்கு, வளரட்டும், நம்ம வலைக்குத்தான வரும்னு வாய மூடிக்கிட்டேன். அந்த ஆசை என்னுது மாப்ள.

— நான் வர்றேன் மச்சான். இப்பவே வண்டிய எடுக்குறேன். ஊருல எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்றேன்.

— இப்படிச் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் வெயிலோட வெயிலா ஓடியாந்தேன். சொல்லாதீங்க. நான் ஊருக்குள்ளயே கெடக்குறவன். நாலு மாசம் ஏசுவாங்க, அலுத்துப் போவாங்க. இவ வருசத்துக்கு ரெண்டு தடவ வர்றவ. வர்ற ரெண்டு தடவையும் இவ மூஞ்சியப் பாத்துத்தான் கேப்பாங்க.

— அண்ணே, நாங்க சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டோம்ணே. அவரு மனசு தாங்காது.

— தாங்கணும்த்தா. நாளைக்குக் காலையில கண்மாயில ஊரே கூடுது. கால்வாய்த் தண்ணி வர்றதுக்குள்ள சேத்துல கெடக்குற மீன அள்ளணும். அள்ளுறப்ப ஒவ்வொருத்தனும் என்னய வஞ்சுக்கிட்டேதான் அள்ளுவான். மாப்ள, நீங்க வாங்க. ஒண்ணும் பேச வேணாம். அவங்க என்னய வையிறப்ப, எம்பக்கத்துல சும்மா நின்னுக்கிட்டு இருங்க. நிப்பீங்களா?