‘கல்யாணமாகாத பெண்கள் மட்டும்’ விளம்பரத்தைத் தட்டச்சு செய்தவர் சொன்னது

என் பெயரும் வீட்டு முகவரியும் மேலே எழுதியபடி சரி. வயது நாற்பத்து மூன்று. கணவரும் கல்லூரியில் படிக்கும் மகளும் உண்டு. மருந்துக் கிடங்கு ஒன்றின் ஆள் எடுக்கும் பிரிவில் பதினோரு வருடம் எழுத்தராக இருந்தேன்.

சென்ற மாதம் மூன்றாம் தேதி மேலாளர் என்னை அழைத்து, சரக்குச் சரிபார்க்கும் வேலைக்கு இணையத்தில் விளம்பரம் போடச் சொன்னார். “முப்பது வயசுக்குள்ள, கல்யாணமாகாத பொண்ணுங்க மட்டும்னு போடுங்க” என்றார். “இப்படிப் போட்டா கேஸ் ஆகும் சார்” என்றேன். “ஊரே போடுது. சொன்னதைச் செய்யுங்கம்மா” என்றார். அதையே மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்டேன். சலித்துக்கொண்டே அனுப்பினார். அதன் பிறகு நான்தான் தட்டச்சு செய்து வெளியிட்டேன். அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு பத்தாம் தேதி, வேறொரு கிடங்கில் இதே வேலையை எட்டு வருடம் பார்த்த ஒரு பெண் சான்றிதழ்களோடு நேரில் வந்தார். மேலாளர் அவற்றைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அந்தப் பெண் என் மேசைக்கு வந்து, “எனக்கு முப்பத்தாறு, ரெண்டு பிள்ளைங்க. மருந்துப் பெட்டியில தேதி படிக்கறதுக்கு இதெல்லாம் எதுக்குக்கா?” என்று கேட்டார். புகார் எங்கே கொடுப்பது என்று கேட்டார். தொழிலாளர் அலுவலகத்துக்கு வழி சொன்னேன். அது குற்றம் என்றால் எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு இருபத்திரண்டாம் தேதி தொழிலாளர் அலுவலகத்திலிருந்து நிறுவனத்துக்கு அறிவிப்பு வந்தது. மேலாளர் விளம்பரத்தை நீக்கச் செய்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, யாரையும் கேட்காமல் நானே தவறுதலாகப் போட்டுவிட்டதாக ஒரு கடிதத்தை என் முன் வைத்தார். “ஒரு கையெழுத்துதானே. போட்டா வேலை இருக்கும்” என்றார். அதில் என் பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள். அவர் கடிதங்களில் பிழை திருத்தியே பழகிய நான், அந்த ஒரு பிழையை மட்டும் பேனாவால் திருத்தி, கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் என் அடையாள அட்டையைக் காட்டியும் வாசல் கதவு திறக்கவில்லை.

அதன் பிறகு நிபந்தனை இல்லாமல் விளம்பரம் மறுபடி வந்ததும், அந்தப் பெண்ணை நேர்முகத்துக்கு அழைத்ததும் எனக்குத் தெரியும்.

மேலாளரின் மின்னஞ்சல் நகலைக் கொடுத்திருக்கிறேன். வெளியிட்டவள் என்ற முறையில் என் மீதும் வழக்கு வரலாம் என்று தொழிலாளர் அலுவலக அதிகாரி சொன்னார். வரட்டும். நான் செய்ததற்கு நான் பதில் சொல்கிறேன். அவர் செய்ததற்கும் சேர்த்துச் சொல்ல மாட்டேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)