கதவில் சாய்ந்த முதுகு

எங்கள் நாட்டின் மிகச் சிறந்த முதுகு என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உங்கள் விசாரணைக்கு உதவும் என்றுதான் சொல்கிறேன். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே மல்யுத்தம் செய்கிறேன். உள்நாட்டில் இந்த முதுகை விரிப்பில் படவைத்தவர் ஒரே ஒருவர். அவரும் வெளியாள் இல்லை, என் தங்கையின் கணவர்.

அது தேர்வுப் போட்டியில் நடந்தது. அவர் நாட்டு அணிக்குத் தேர்வானார். நான் அவருக்கு மாற்று ஆளாகவும் பயிற்சித் துணையாகவும் கூடப் போனேன். பல நாடுகள் கூடும் அந்தப் பெரிய விளையாட்டு விழாவுக்கு எங்கள் தரப்பில் வீரர்களைவிட அதிகாரிகள் அதிகம். தொடக்க அணிவகுப்பில் மாப்பிள்ளை கொடி பிடித்தார். நான் கடைசி வரிசையில், வேறு யாருடைய அளவுக்கோ தைத்த கோட்டில் நடந்தேன். வருத்தமெல்லாம் இல்லை. கோட்டுதான் கொஞ்சம் இறுக்கம்.

மாப்பிள்ளைக்கு மூடிய அறை ஆகாது. சின்ன வயதில் ஏதோ கிடங்கில் மாட்டிக்கொண்டாராம். எந்த அறைக்குள் போனாலும் ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிடுவார். வீரர்கள் விடுதியில் நாங்கள் ஒரே அறை.

"என்ன மாப்ள, செருப்பைக் காவலுக்கு வச்சிட்டுத்தான் தூங்குவீங்களா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் மச்சான். உங்களை என்ன, கடிக்கவா செய்யுது?"

"கொடி பிடிச்ச கை, கதவைப் பாத்து நடுங்குது. வெளிய தெரிஞ்சா நாட்டுக்கே அவமானம்."

சாப்பாட்டுக் கூடத்தில் நானே எல்லோருக்கும் சொன்னேன். குத்துச்சண்டைக்காரர்கள் நன்றாகச் சிரித்தார்கள்.

எடை பார்க்கும் நாள் காலையில் அவர் தன் பிரிவின் எடை வரம்புக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தார். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு நீராவி அறையில் உட்கார்ந்தால் வியர்வையாக இறங்கிவிடும். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பாதுகாப்புக்காக. உள்ளே இருப்பவன் பாதியில் ஓடிவந்துவிடுவான் என்பதால், துணைக்கு வந்தவன் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்காருவான். உள்ளே இருப்பவன் கெஞ்சுவான். காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அவரே சொன்னதுதான்.

"நான் திட்டிட்டே இருக்கிற வரைக்கும் திறக்காதீங்க மச்சான். திட்டுறது நின்னுச்சுன்னா உடனே திறந்துடுங்க."

அன்றும் செருப்பை இடுக்கில் வைத்தார். சூடெல்லாம் வெளியே போகிறதே என்று நான்தான் அதை எடுத்தேன். நியாயமான காரணம்.

நன்றாகவே திட்டினார். என்னை, என் அப்பாவை, என் மூக்கை, அணி மேலாளரின் தொப்பையை. நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக என் முதுகெலும்பில் வந்து விழுந்தது. பிறகு திட்டு குறைந்தது. கடைசியில் மரியாதையாகப் பேசினார். "மச்சான், உங்க தங்கச்சிக்காகவாவது" என்றார். இதைத் திட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றது. மூச்சு வாங்குகிறார் போலிருக்கிறது, வாங்கட்டும் என்று விட்டேன். யாரும் தட்டாத கதவு முதுகுக்கு இதமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு மேலாளர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உன் எடை எவ்வளவுப்பா?" என்றார். எடை பார்த்து முடியும்வரை மாற்று ஆளை இறக்கலாம் என்பது விதி. ஏறி நின்றேன். இம்மி கூடவில்லை. எல்லாம் கடவுள் செயல் என்றார் மேலாளர்.

மாப்பிள்ளை சாயங்காலம் இறந்தார். அதற்குள் நான் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தேன், இரண்டு தோளும் விரிப்பில் பட.

தங்கை ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, அவர் கதவைத் தட்டவே இல்லையா?"

"இல்லம்மா. தூங்குற மாதிரி போயிட்டாரு."

அன்றிலிருந்து நான் மல்லாந்து படுப்பதில்லை. படுத்தால் மெத்தைக்கு அடியிலிருந்து தட்டுகிறார். தட்டுவதோடு சரி, திட்டுவதில்லை. திட்டினால் நிம்மதியாக இருக்கும்.

நீங்கள் கேட்டதில் ஒன்று பாக்கி. மாற்று ஆள் பட்டினி கிடக்க வேண்டியதில்லையே, என் எடை எப்படி அவ்வளவு சரியாக இருந்தது என்று கேட்டீர்கள். முந்தின நாள் காலையிலிருந்தே நான் சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. பசியில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதிக்கொள்ளுங்கள்: திட்டு நின்றது எனக்குத் தெரியும். தெரிந்தும் முதுகை எடுக்கவில்லை.

அவ்வளவுதான். போகும்போது அந்தக் கதவைச் சாத்தப் பார்க்காதீர்கள், சாத்த வராது. உள்ளே வரும்போதே என் இடது செருப்பை இடுக்கில் வைத்துவிட்டேன். காற்றுக்காகத்தான்.