மேற்படி விஷயம்

தேநீர் நன்றாக இருந்தது, ஐயா. மிக்க நன்றி. தாங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

சாயத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக ஆங்கிலக் கடிதங்கள் எழுதுபவன் நான். தொழிலாளர்களின் புகார்களை ஆங்கிலத்தில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை. ஆங்கிலத்தில் ஒரு நயம் உண்டு. ஒன்றை ஒருமுறை பெயர் சொல்லிவிட்டால் போதும். பிறகு ‘அந்த விஷயம்’, ‘அந்தப் பிரச்சினை’, ‘அந்த நபர்’ போன்ற பொதுச் சொற்களே வாக்கியங்களைச் சரமாகக் கோத்துவிடும்.

என் தங்கையின் கணவர் அங்கே கொதிகலன் ஃபிட்டர். மூன்றாம் கொதிகலனின் பாதுகாப்பு வால்வு இறுகிவிட்டது, நீராவி வெளியேறாது என்று வாரந்தோறும் புகார் கொடுத்தார். முதல் கடிதத்தில் வால்வு என்றே எழுதினேன். அடுத்த மூன்றிலும் ‘மேற்படி விஷயம்’ என்றேன்.

தங்கையின் கணவர் நகலைப் புரட்டிப் பார்த்தார்.

“எங்க மச்சான், வால்வையே காணோம்? பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா?”

“ஒரு தடவ சொல்லியாச்சு மாப்பிள்ளை. திரும்பத் திரும்பச் சொன்னா படிக்கிறவங்க சிரிப்பாங்க.”

“சிரிச்சுட்டுப் போகட்டும். அது பக்கத்துல நிக்கிறது நான்தானே.”

நியாயமான பேச்சுதான். ஆனாலும் நான் மாற்றவில்லை.

பிறகு தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். “எந்த விஷயம் சார்? உங்க முதல் கடிதம் இங்க இல்லையே.”

வால்வு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் என் நடையைக் குறை சொல்வதாகப் பட்டது. “முன்பே தெரிவித்ததுதான். அவசரமில்லை” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கொதிகலன் வெடித்தது. தங்கையின் கணவரின் உடலை அடையாளம் காட்டியவன் நான். விபத்து அறிக்கையை எழுதியவனும் நானே. தங்கை அதை இரண்டு முறை படித்தாள்.

“இதுல அவர் எங்கண்ணா?”

மூன்றாம் வரியைக் காட்டினேன். ‘மேற்படி நபர்’ என்றிருந்தது.

ஆம், ஐயா. தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன். கையெழுத்திடுகிறேன்.

அதற்கு முன் பணிவான ஒரு வேண்டுகோள். தாங்கள் எழுதியதில் ‘தங்கையின் கணவர்’ என்று மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது இருக்கட்டும், மற்ற இரண்டையும் ‘அந்த நபர்’ என்று மாற்றிவிடுங்கள். படிக்க உறுத்தாது.