பக்கத்து வீட்டுக் கொக்கி

நாய் வளர்ப்பவர்கள் கேட்டை மூடி வைக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. தன் வீட்டு நாய் அடுத்தவர் வீட்டுச் செடியில் காலைத் தூக்காமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு. உங்கள் அப்பாவும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அந்த விதத்தில் அவரைப் போல ஒரு பக்கத்து வீட்டுக்காரர் அமைவது கஷ்டம்.

நீங்கள் சாவியை வாங்கிப் போகத்தான் வந்தீர்கள். அப்பாவின் வீட்டை வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னீர்கள். சாவி இதோ மேஜைமேல் இருக்கிறது. எடுத்துக்கொண்டு எழுந்திருக்காமல் ஒரு கேள்வி கேட்டீர்கள். கேட் பூட்டுக்கு மூன்று சாவிதான். ஒன்று அப்பாவின் கழுத்துக் கயிற்றில், ஒன்று அம்மாவின் பர்ஸில், ஒன்று என்னிடம். கேட் திறந்து கிடந்த அன்றைக்கு அப்பா திறக்கவில்லை என்றால் வேறு யார் திறந்தது?

ஏன் கேட்கிறீர்கள் என்பதும் புரிகிறது. அவருக்கு மறதி நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவர்தான் நம்பவில்லை. நீங்கள் கூட்டிப்போய் வைத்திருக்கும் உங்கள் ஊர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, கதவை வெளியே தாழ்ப்பாள் போடச் சொல்கிறார். திறந்தது அவர் இல்லை என்று தெரிந்தால் வெளியே வந்துவிடுவார் என்று நினைக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முறையாகவே பதில் சொல்கிறேன். முறையாகப் பதில் சொல்வதுதான் என் உத்தியோகம்.

குடிநீர் அலுவலகத்தில், வரும் புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதே நாற்காலி. குழாயை உடைப்பவர்கள் வேறு, தண்ணீரில் சாக்கடை கலக்க விடுபவர்கள் வேறு. 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எழுதுவது மட்டும் நான். எங்கள் மோட்டார் ஆபரேட்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன சார், இன்னைக்கு எத்தனை பேர் கால்ல விழுந்தீங்க?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

என்னிடம் வருத்தம் தெரிவித்தவர் என்று யாரும் கிடையாது. பஸ்ஸில் காலை மிதிப்பவர்கள்கூட "கொஞ்சம் தள்ளி நிக்கக் கூடாதா" என்றுதான் கேட்பார்கள். என் மனைவி பிரிந்து போன அன்று, ஆட்டோவில் ஏறும்போது, "அடுப்பு மேல பால் இருக்கு, பாத்துக்கோங்க" என்றாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் தடவை கேட்டைத் திறந்து போட்டது உங்கள் அப்பாதான். அதில் சந்தேகமே வேண்டாம். மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்தவர் கொக்கியை மாட்டாமல் உள்ளே போய்விட்டார். நாய் நேராக என் வீட்டுக்குள் வந்து, கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பைக் கிழித்து, இரண்டு ரோஜாத் தொட்டிகளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. எனக்குச் சண்டை போட வராது. நடந்ததை நாலு வரியில் எழுதி உங்கள் தபால் பெட்டியில் போட்டேன்.

அன்று சாயங்காலமே நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நாய்க்கு அவர் வைத்த பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

"டேய் மேனேஜர், சார்கிட்ட மன்னிப்பு கேளுடா."

நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், டிப்போவுல ஒரு மேனேஜர் காலம் பூரா என்னைப் பாத்துக் குரைச்சாரு. ரிட்டயர் ஆனதும் ஒரு மேனேஜரை நானே சங்கிலியில கட்டிப் பாக்கணும்னு ஆசை" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "தப்பு என் மேலதான் சார். கொக்கி போடாம உள்ள போயிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

தப்பு என் மேல. இந்த மூன்று சொல்லை நேருக்கு நேராக யாரும் என்னிடம் சொல்லிக் கேட்டதில்லை. அவரை உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார். மலை ரோட்டில் பிரேக் போன கதையைச் சொன்னார். மறுநாள் இரண்டு புதுத் தொட்டிகளோடு வந்து, மண் போட்டு, அவர் கையாலேயே செடியை நட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு கேட் ஒழுங்காக மூடியே இருந்தது. பார்த்தால் தெருவிலிருந்தே கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். உள்ளே வர அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. "சும்மா வாங்க" என்று கூப்பிட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். கூப்பிட்டால் எல்லோரும் வருவார்கள். அது வேறு.

ஒருநாள் ஆபீஸ் விட்டு வரும்போது உங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளை நிறுத்தாமலே கையை நீட்டிக் கொக்கியைத் தூக்கிவிட்டேன். கனமான கொக்கி இல்லை.

அவர் வந்தார். முன்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் நின்று நம் இரண்டு வீட்டுச் சுவர்மேல் கம்பி வலை அடித்தார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். மதியம் இங்கேயே சாப்பிட்டார். அதற்கடுத்த தடவைக்குப் பிறகு கேட் தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங் மாட்டினார். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கொக்கி மாட்டாத கேட்டை மேனேஜர் மூக்கால் இழுத்தே திறக்கப் பழகிவிட்டது. புத்திசாலி நாய்.

உங்கள் அம்மா முதலில் கிண்டல்தான் செய்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். "பெரிய பஸ்ஸையே ஓட்டுன மனுஷன், ஒரு கொக்கி மாட்டத் துப்பில்ல." அவரும் விடமாட்டார். "பஸ்ஸுல கதவை மூடுறது கண்டக்டர் வேலைடி. இங்க நீதான் கண்டக்டர், போய் மூடு." அம்மா சிரிப்பார். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. "என்னங்க, நிஜமாவே ஞாபகம் இல்லையா?" என்று தணிந்த குரலில் கேட்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவர் கொக்கியை மாட்டியதும் "போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்லும் பழக்கம் வந்தது. தனக்குத்தானே சாட்சி. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் வெளியே போவேன். முன்னால் போனால் அவர் கண்ணில் பட்டுவிடுவேன் இல்லையா.

ஒருநாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சார், மாட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இரும்பு விழுற சத்தம்கூட காதுல இருக்கு. போய்ப் பாத்தா திறந்து கெடக்கு. அப்ப நான் கேட்ட சத்தம் எங்கிருந்து சார் வந்துச்சு?"

"வயசானா இப்படி இருக்கும்தான்" என்றேன்.

"உங்களுக்கும் இருக்கா?"

"எனக்கு இல்லை."

தலையை ஆட்டிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

அடுத்த வாரம், தான் ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேனின் சாவியைக் கொண்டுபோய் வேன்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த வேன்தான் என்று பின்னால் நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. "ஒரு கொக்கிக்காகவா வேலையை விடுறீங்க அண்ணே?" என்று வேன்காரர் வீடு தேடி வந்து கெஞ்சினார். "கொக்கி மாட்டினேனா இல்லையான்னு தெரியாதவன், பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு எப்படிப்பா போறது? கதவைச் சாத்தினேனான்னு நான் யாரைக் கேக்குறது?" என்றார். பொறுப்பான பதில். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

நீங்கள் ஊரிலிருந்து வந்தபோது பூட்டு வாங்கி மாட்டினீர்கள். சரியான காரியம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நீங்கள் கிளம்பிப் போனதும் அவர் என்னிடம் வந்து, இதோ இந்த மூன்றாவது சாவியைக் கொடுத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார். என் சாவியை நான் எங்கயாவது போட்டுருவேன். இந்தத் தெருவுல பொறுப்பான ஆள் நீங்க ஒருத்தர்தான்."

வாங்கிக்கொண்டேன். மறுத்திருந்தால் அவர் மனசு கஷ்டப்பட்டிருக்கும்.

பூட்டு வந்த பிறகு ரோஜா நன்றாகப் பூத்தது. விரிப்பு கொடியில் காய்ந்தது, எடுத்து மடித்து வைத்தேன். இரண்டு மாதம் யாரும் வரவில்லை. கேட்டில் பூட்டு இருக்கிறதா என்று அவர் அடிக்கடி வந்து இழுத்துப் பார்ப்பது மட்டும் ஜன்னலில் தெரியும். இழுத்துவிட்டுப் போவார். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார்.

நீங்கள் கேட்ட அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். அப்பா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பூட்டைத் திறந்து, பூட்டிய மாதிரியே வளையத்தில் மாட்டிவிட்டு வந்தேன். இல்லை, அது சரியில்லை. அப்படி மாட்டியிருந்தால் நாய் வெளியே வந்திருக்காது. பூட்டைக் கழற்றிக் கேட்டின்மேல் வைத்து, கொக்கியையும் தூக்கிவிட்டு வந்தேன். நடந்தபடி சொல்வதுதான் முறை.

மேனேஜர் வழக்கம்போல என் வீட்டுக்கு வரும் என்றுதான் கொடியில் விரிப்பைப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் அடைந்து கிடந்த நாய். வெளியே வந்ததும் மெயின் ரோட்டுக்கு ஓடிவிட்டது. லாரிக்காரர் நிறுத்தத்தான் பார்த்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நாயின் சாவு என் கணக்கில் வராது.

குழி வெட்ட என் மண்வெட்டியைத்தான் கொடுத்தேன். கூடவே நின்றேன். மண்ணைத் தள்ளி முடித்ததும் உங்கள் அப்பா கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியைக் கழற்றி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப திறந்தேன்னே தெரியல சார். கழுத்துல கெடக்குற சாவியை எடுத்துத் திறந்திருக்கேன், அதுகூடத் தெரியல" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் எவ்வளவு தொந்தரவு. மன்னிச்சுக்கோங்க சார்" என்றார். இத்தனை தடவையில் அதுதான் மனதார வந்தது. பரவாயில்லை என்று சொன்னேன்.

ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில்: முதல் தடவை தவிர, எல்லாத் தடவையும் திறந்தது நான். பூட்டையும் சேர்த்து. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போட்டுத் தருகிறேன்.

வீட்டுக்குப் போய் அவரிடம் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பின்னறையை விட்டு அவர் எழுந்து வருவார் என்று நம்பிவிடாதீர்கள். அவரை உங்களைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "சார் அப்படிப்பட்டவர் இல்லம்மா, என்னை வெளிய கொண்டு வரணும்னு பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு" என்பார். நல்ல மனிதரைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று தவித்துப் போவார். நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று உங்களைப் பிடுங்கி எடுப்பார்.

கூட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன்.