வலது ஓரத்து எண்கள்

அந்தக் கம்ப்யூட்டர் அறையில குளிர் ஜாஸ்தி, சார். வெளியில வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் உட்காரணும். மெஷினுக்குச் சூடு ஆகாது, மனுஷனுக்கு என்ன ஆனா என்ன. இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் அந்த அறையில ரொம்ப வருஷம் இருந்தவன். ஏனோதானோன்னு வேலை பார்க்கிற ஆள் இல்லை. மேஜையில பேனா கோணலா இருந்தாக்கூட எனக்குப் பொறுக்காது. ஆஸ்பத்திரியில யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

எங்ககிட்ட இருந்தது பழைய மெயின்ஃப்ரேம். அலமாரி அலமாரியா நிக்கும். அதைக் கழிச்சுக் கட்டிட்டு, யூனிக்ஸ் போட்ட சின்ன மெஷின் ஒண்ணு வாங்கினாங்க. நோயாளிகள் விவரம் எல்லாத்தையும் பழசுலேர்ந்து புதுசுக்கு மாத்தணும். அந்தப் பொறுப்பு என் தலையில விழுந்தது. நான் கேட்டு வாங்கலை, ஆனா வேற யாருக்குக் கொடுத்திருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மாத்தறதுன்னா பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் பழைய மெஷின் ஒரு குறி வெச்சிருக்கும், புதுசு வேற குறி வெச்சிருக்கும். இதை அதுவா மாத்த ஒரே ஒரு கட்டளை போதும். ஃபைலை இந்தப் பக்கம் விட்டா, அந்தப் பக்கம் படிக்கிற மாதிரி வந்து விழும். ஆனா எண்கள்ல ஒரு சங்கதி இருக்கு. இடம் மிச்சம் பிடிக்கணும்னு அந்தக் காலத்துல ஒரு எழுத்து வைக்கிற இடத்துல ரெண்டு இலக்கத்தை அமுக்கி வெச்சிருப்பாங்க. அது எழுத்தே கிடையாது. அதைத் தொடாம எடுத்துத் தனியாப் பிரிக்கணும். தெரியாம எழுத்தோட சேர்த்து விட்டா, கட்டளை அதையும் எழுத்துன்னு நெனச்சு மாத்தித் தொலைச்சிடும். இது இந்தத் தொழில்ல முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம். எனக்கும் தெரியும்.

தெரிஞ்சும் ஏன் விட்டேன்னு நீங்க கேட்கலை, நானே சொல்லிடறேன். மத்த எல்லா ஃபைலையும் பிரிச்சுப் பிரிச்சு ஒழுங்காத்தான் மாத்தினேன். ஒரு ஃபைல்ல மட்டும் எல்லாமே எழுத்துன்னு நெனச்சுட்டேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க ஃபைல் அது. பேர், விலாசம், வயசு, எடை, கடைசியில மாத்திரை அளவு. வயசும் எடையும் சாதாரண எழுத்தாத்தான் இருந்தது. மாத்திரை அளவு மட்டும் அமுக்கி வெச்சது. போதாததுக்கு, சுத்தமா இருக்கட்டுமேன்னு, படிக்க முடியாத குறியை எல்லாம் வடிகட்டிட்டு அந்த இடத்தை வெறுமையாக்கற இன்னொரு கட்டளையையும் சேர்த்து ஓட்டினேன். எனக்குக் குப்பை பிடிக்காது, சார். குப்பைன்னு நெனச்சு நான் கூட்டித் தள்ளினதுதான் மாத்திரை அளவு.

முடிஞ்சதும் திறந்து பார்த்தேன். பேர் எல்லாம் பளிச்சுன்னு, விலாசம் வரிசையா, வயசு நேர்க்கோட்டுல. மனசு குளிர்ந்து போச்சு. வரி நீளம். திரைக்குள்ள அடங்காதது வலது ஓரத்துக்கு அந்தப் பக்கம் போயிடும், நகர்த்திப் பார்த்தாத்தான் தெரியும். நான் நகர்த்தலை. சரிபார்த்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்த பிறகு, விவரம் பதிஞ்சிருந்த பழைய நாடாக்களைக் காந்தப் பெட்டியில வெச்சு அழிக்கணும், நோயாளிகள் ரகசியம் வெளியே போகக் கூடாதுன்னு விதி. அழிச்சதும் நான்தான். மறுநாள் ஆட்கள் வந்து மெயின்ஃப்ரேமைக் கழட்டி லாரியில ஏத்திட்டுப் போனாங்க. லாரி திரும்பற வரைக்கும் வாசல்ல நின்னு பார்த்தேன்.

அதுக்கப்புறம்தான் வலது ஓரத்துக்கு நகர்த்தினேன். அங்கே ஒண்ணுமே இல்லை. அங்கங்கே ஒத்தை எழுத்து, மத்ததெல்லாம் வெறும் இடம். அந்த நேரம் பார்த்து மேனேஜர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்னப்பா, நாளைக்கு கிளினிக் திறக்கணும். எல்லாம் ரெடிதானே?"

"ரெடி சார்."

வாய் தானா சொல்லிடுச்சு. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க எனக்கு வராது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.

நான் கண்ணை மூடிக்கிட்டு ஏதோ எண்ணைப் போட்டு நிரப்பலை. அதை நீங்க கவனிக்கணும். ஆஸ்பத்திரி நூலகத்துல புத்தகம் எடுத்துப் படிச்சேன். இந்த மருந்தைப் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வயசையும் எடையையும் வெச்சு எவ்வளவு கொடுக்கலாம்னு அதுல ஒரு கணக்கு இருந்தது. அதை வெச்சு ஒரு சின்ன புரோகிராம் எழுதி, வெறுமையா இருந்த இடத்தை எல்லாம் நிரப்பினேன். பார்க்க அவ்வளவு அழகா இருந்தது. யாருக்கும் துளி சந்தேகம் வராது. அதே புத்தகத்துல அடுத்த பக்கத்துல, இந்த மருந்து ஆளுக்கு ஆள் மாறும், ஒருத்தருக்கு அரை மாத்திரை போதும், அதே வயசு அதே எடையில இன்னொருத்தருக்கு மூணு வேணும், கூடினா ரத்தக் கசிவு, குறைஞ்சா அடைப்புன்னும் போட்டிருந்தது. அதையும் படிச்சேன்.

ஆனா டாக்டர்கள் இருக்காங்களே. ரத்தப் பரிசோதனைக்கு வர்றவங்களுக்கு அவங்க அளவைப் பார்த்து மாத்திடுவாங்க. நிறைய பேருக்கு மாத்தவும் செஞ்சாங்க. தினமும் உட்கார்ந்து பார்ப்பேன், ஒவ்வொரு எண்ணா சரியாகிட்டே வரும். அப்பாடான்னு இருக்கும். வருஷக்கணக்கா ஒரே அளவு சாப்பிட்டு நல்லா இருக்கிறவங்கதான் சிக்கல். அவங்களை மாசக்கணக்கா யாரும் பரிசோதனைக்குக் கூப்பிட மாட்டாங்க. பார்மசிக்கு வந்து, புது மெஷின் அடிக்கிற சீட்டைக் காட்டி, மாத்திரை வாங்கிட்டுப் போயிடுவாங்க. அவங்க நல்லா இருந்ததுதான் அவங்களுக்கு வினையாப் போச்சு.

என் தங்கச்சி வீட்டுக்காரரும் அந்த ஃபைல்ல இருந்தார். அதை நான் மறைக்கலை. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குப் போனப்போ, "மாப்பிள்ளை, மாத்திரை எத்தனை போடறீங்க?"ன்னு சாதாரணமா கேட்டேன். ஒண்ணரைன்னார். திங்கக்கிழமை அவர் வரியில ஒண்ணரைன்னு திருத்திட்டேன். கேட்கிறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை.

நீங்க என்னைப் பிடிச்சதே அதை வெச்சுத்தான்னு பார்மசி மேடம் சொன்னாங்களாம். ஒரே வயசு, ஒரே எடை உள்ளவங்களுக்கு எல்லாம் அச்சடிச்ச மாதிரி ஒரே அளவு இருக்கேன்னு அவங்களுக்கு உறுத்தியிருக்கு. டாக்டர் மாத்தாத வரிகளைத் தனியா எடுத்துப் பார்த்திருக்காங்க. கணக்குக்குள்ள அடங்காத வரி ஒண்ணே ஒண்ணுதான், அதைத் திருத்தினதுன்னு என் பேர் பதிவாகியிருக்கு. கெட்டிக்கார அம்மா. அவங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை.

மேஜை மேல நீங்க பரப்பி வெச்சிருக்கிற போட்டோவில முக்காவாசிப் பேரை எனக்குத் தெரியாது, சார். தெரியாதவங்களை நெனச்சு அழ எனக்கு வரலை, முயற்சி பண்ணிப் பார்த்தேன். ஓரத்துல இருக்காங்களே, கண்ணாடி போட்டவங்க, அவங்களைத் தெரியும். எங்க கட்டடத்துல கீழ் வீடு. தையல் வேலை. மாடி ஏறும்போது மெஷின் சத்தம் கேட்கும், சத்தத்துக்கு மேல அவங்க குரல் கேட்கும். நல்ல மனசு, ஆனா வாய் ஓயாது. காலையில அவங்க காதுல ஒண்ணு விழுந்தா, சாயந்திரத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும்.

மத்தவங்க அளவு எனக்கு எப்படித் தெரியும், தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேனான்னு நேத்து சொன்னேன். அப்போ நீங்க அவங்க பொண்ணு கொடுத்த வாக்குமூலத்தை எடுத்துப் படிச்சீங்க. அதனால அதையும் சொல்லிடறேன்.

ஒருநாள் வேலை முடிஞ்சு வர்றேன். வாசல்லயே நிறுத்தினாங்க.

"தம்பி, நீங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்லதானே இருக்கீங்க. இதைக் கொஞ்சம் பாருங்களேன். இத்தனை வருஷமா அரை மாத்திரை, இப்போ ரெண்டுன்னு வந்திருக்கு. பல்லு விளக்கினா ரத்தம் வருது. கையெல்லாம் பாருங்க, யாரோ அடிச்ச மாதிரி."

முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் நீலம் பூத்திருந்தது. பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் என் கையில கொடுத்தாங்க. பழைய சீட்டுல அரைன்னு தெளிவா இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்த் திருத்திடலாம்னு ஒரு கணம் தோணிச்சு. ஆனா திருத்தினா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுச்சு, தம்பிதான் கண்டுபிடிச்சார்னு தெரு முழுக்க என் புகழைப் பாடுவாங்க. அடுத்த நாள் ஆளாளுக்குப் பழைய சீட்டைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாங்க. அவங்க மௌனமா இருக்கக்கூடியவங்களா இருந்திருந்தா கதையே வேற.

"இது புது முறைம்மா. டாக்டர்கள் யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்க. உடம்பு பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். விடாம சாப்பிடுங்க."

"அப்படீங்களா? நீங்க சொன்னா சரிதான் தம்பி. பொண்ணு வேற பயமுறுத்திட்டா."

பழைய சீட்டு இருந்தா குழப்பம்தான்னு சொல்லி, அவங்க கண் முன்னாடியே நாலாக் கிழிச்சேன். குப்பைத் தொட்டியை அவங்களேதான் எடுத்து நீட்டினாங்க. உட்காருங்க, டீ போடறேன்னாங்க. வேண்டாம்னுட்டேன்.

அடுத்த வாரம் மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு, தைச்சுக்கிட்டிருந்த துணி மேலேயே சாஞ்சுட்டாங்க. தூக்கிட்டு ஓடினதுல நானும் ஒருத்தன். ஸ்ட்ரெச்சர் பக்கத்துல அந்தப் பொண்ணு என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நானும் விடலை. டாக்டர், "என்ன அளவு சாப்பிட்டாங்க?"ன்னு கேட்டார். அவ என்னைப் பார்த்தா. "சீட்டுல என்ன இருக்கோ அதுதான் சார்"னு நான் சொன்னேன். அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்னு நீங்க சொல்றது நியாயம்தான். ஆமா, தெரிஞ்சேதான் செஞ்சேன். அவங்களைக் கொன்னது நான்தான். நீங்க அப்படியே எழுதிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனா நான் கெட்டவன் இல்லைங்கறதும் உங்களுக்குத் தெரியணும். நேத்து தங்கச்சி பார்க்க வந்தா. மாப்பிள்ளை நல்லா இருக்காராம், நடைப்பயிற்சிக்குக்கூடப் போறாராம். ஒரு உயிரையாவது காப்பாத்தினேனேன்னு அவகிட்ட சொன்னேன். அவ, "அவரைக் கேட்ட மாதிரி மத்தவங்களையும் கேட்டிருக்கலாமே அண்ணா"ன்னா. கூப்பிட்டுக் கேட்டா எல்லாரும் சொல்லியிருப்பாங்களாம்.

பாவம், கம்ப்யூட்டர் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சார்.