கேட்கக் கூடாத கடன்

நாள் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், சார். உங்கள் ஸ்டேஷன் நாற்காலி பரவாயில்லை.

என் பெயர் ஞானசெல்வி. ஆவூர்ப் பக்கம் முப்பத்துநான்கு வருடம் டீச்சராக இருந்தேன். ரிடையரானபோது வந்த பணம் முழுவதையும் குன்றாண்டார்கோவில் நிலவழகனுக்குக் கடனாகக் கொடுத்தேன். அவன் போர்வெல் போடும் லாரி வாங்கினான். அவன் மனைவி வனிதா என்னிடம் படித்த பிள்ளை.

இரண்டு வருடம் வட்டி ஒழுங்காக வந்து, பிறகு நின்றது. வழக்குப் போட்டு அவன் வீட்டை ஜப்தி செய்ய உத்தரவு வாங்கினேன். கோர்ட் அமீனா வரவேண்டிய வாரத்தில் அவன் மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டான். கோர்ட்டும் அவனைத் திவாலானவன் என்று அறிவித்தது. ஜப்தி நின்றது.

வக்கீல் லூர்துநாதன் சொன்னார்: "இனி நீங்களா ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர். இருக்கிற சொத்த வித்து கோர்ட்டே எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கும். அதுவரைக்கும் அங்கிட்டுப் போயி பணம் கேக்காதீங்க."

"வனிதாவப் பாக்கப் போலாமா?"

"அது ஒங்க பழக்கம். அதுக்குக் கோர்ட் என்ன சொல்லப்போகுது?"

மறுநாள் எட்டு மணி பஸ்ஸில் போனேன். அவர்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாலை ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அப்படியே பதினொரு மாதம். எனக்கும் போக வேறு இடமில்லை. பணம் என்ற சொல்லையே எடுக்கவில்லை, ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்த வீட்டுக்குப் பின்வழி கிடையாது, கருவேலங்காடுதான். என்னைத் தாண்டித்தான் தெருவுக்கு வரவேண்டும். நிலவழகன் வெளியே வருவதை விட்டான். பிறகு ஜன்னலையும் சாத்தினான். மகள் ஹரிணியைப் பெண் பார்க்க வந்தவர்கள், "நீங்க யாருங்க?" என்றார்கள்.

"கடன் குடுத்தவ. கேக்கக் கூடாதுன்னு கோர்ட் சொல்லியிருக்கு," என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவர்கள் காப்பி குடிக்காமலே போனார்கள். ஹரிணி திருச்சிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் வனிதா என் காலைப் பிடித்தாள். "வைஞ்சிட்டாவது போயிருங்க டீச்சர். இப்புடிச் சும்மா உக்காந்திருக்காதீங்க."

எதற்கு வைய வேண்டும்? நல்ல பிள்ளை. தூக்கி நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பதினொரு மணி இருக்கும். உள்ளே ஏதோ சரிந்து விழுந்தது.

"டீச்சர், நெஞ்ச அடைக்குது. யாரையாச்சும் கூப்புடுங்க."

பதினொரு மாதத்தில் நிலவழகன் தானாக என்னிடம் பேசியது அன்றுதான். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. என் பையில் போன் இருந்தது, சார்ஜும் இருந்தது. அவன் மூன்று தடவை கூப்பிட்டான். நான் ஜெபமாலையின் நடுவில் இருந்தேன். பாதியில் நிறுத்துகிற வழக்கமில்லை. முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் உள்ளே சத்தம் அடங்கியிருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், சார். எனக்குக் கேட்டது. நான் எழவில்லை. சாகட்டும் என்றுதான் இருந்தேன்.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? சீக்கிரம் விட்டால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். வனிதா ஒற்றையாய் இருப்பாள். இந்த நேரத்தில் நானும் பக்கத்தில் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?