இருபத்தொண்ணு முடிஞ்சவங்க மட்டும்

காஜா மைதீன்: குறுக்கே பேசாம கேளு, கமரு. “பெரியோர்களே! பதினெட்டு வயதில் கல்யாணம் செய்யலாம், பட்டாளத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்கலாம்…”

கமருன்னிசா: மெதுவா… புள்ள தூங்குது.

காஜா மைதீன்: “…ஓட்டுப் போட மட்டும் இருபத்தொன்று முடிய வேண்டுமா?” எப்படி? சாயங்காலம் வாசகசாலையில கைதட்டல் பிச்சுக்கும்ல?

கமருன்னிசா: பிச்சுக்கும், பிச்சுக்கும். கூரையும் சேர்ந்து பிச்சுக்கும்.

காஜா மைதீன்: கிண்டலா? உனக்காகத்தான் புள்ள தொண்டை கிழியக் கத்துறேன். பத்தொன்பது வயசுல ஒரு குழந்தைக்குத் தாய். வீட்டையே கட்டி ஆளுற. அறுபத்திரண்டு எலெக்‌ஷன்ல உனக்கு ஓட்டு இல்லைன்னா நியாயமா?

கமருன்னிசா: நியாயமில்லதான்… ஆனா மச்சான், இந்த வயசு விஷயம்…

காஜா மைதீன்: வயசாவது ஒண்ணாவது! பாலக்கரை முழுக்கக் கேக்கணும் இன்னிக்கு!

கமருன்னிசா: இருங்க… வாசல்ல யாரோ… அட, அற்புதசாமி வாத்தியார்! கக்கத்துல நோட்டு. ஓட்டர் லிஸ்ட்டுக்குப் பேர் எழுத வந்துட்டார்!

காஜா மைதீன்: நாளைக்குன்னுல்ல சொன்னாங்க… நான் வீட்ல இல்லைன்னு சொல்லிடு.

கமருன்னிசா: என்னது? இவ்வளவு நேரம் தெருவே அதிரக் கத்திட்டு இல்லைன்னு சொல்லணுமா?

காஜா மைதீன்: இல்ல… பேச்சு இன்னும் மனப்பாடம் ஆகலை, அதான்…

கமருன்னிசா: மச்சான், அவர் உள்ள வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். உங்கம்மா மண்ணச்சநல்லூர் போயிருக்காங்க. இன்னிக்கு விட்டா எனக்குத் தைரியம் வராது…

அற்புதசாமி: காஜா பாய்! உங்க பேச்சு தெருமுக்கு வரைக்கும் கேட்டுச்சு. பிரமாதம்!

காஜா மைதீன்: வாங்க சார்… டீ சாப்பிடுறீங்களா?

அற்புதசாமி: வேணாங்க, இன்னும் நாப்பது வீடு இருக்கு. இருபத்தொண்ணு முடிஞ்சவங்க யார் யாரு?

காஜா மைதீன்: அத்தா தவறிட்டார். அம்மா இருக்காங்க. ஜுலைகா பீவி. அப்புறம்… அம்மாதான்.

அற்புதசாமி: உங்க வீட்டம்மா?

காஜா மைதீன்: பத்தொன்பது, சார். அதைத்தான் சார் நான்…

கமருன்னிசா: எழுதிக்குங்க சார். கமருன்னிசா. வயசு இருபத்திரண்டு.

காஜா மைதீன்: கமரு!

கமருன்னிசா: அல்லாஹ் அறிய நெசம். பத்தொன்பதுன்னா பொண்ணு முத்திப்போச்சும்பாங்கன்னு நிக்காஹ் பேசறப்ப எங்க அத்தா மூணு வயசைக் குறைச்சுப் பதினாறுன்னுட்டாங்க. ஸ்கூல் சர்டிபிகேட் பெட்டியில இருக்கு. மாமிகிட்ட நானே சொல்லிக்கறேன்… கோபமா, மச்சான்?

காஜா மைதீன்: கோபமா… இரு, மூச்சு வாங்குது.

கமருன்னிசா: மூணு வருஷமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தெருவுக்குக் குழாய் போடுறேன்னு வந்து கும்பிட்டவங்க எத்தனை பேரு! இந்தத் தடவை நானும் போய் முத்திரை குத்தணும். வேற எதுக்கும் பயமில்ல.

அற்புதசாமி: சபாஷ்! எழுதிட்டேம்மா. பாய், மேடை ஏறுறதுக்கு முன்னாடியே உங்க பேச்சுக்கு ஒரு ஓட்டு விழுந்துடுச்சு! சரி, உங்களுக்கு இருபத்துநாலுதானே?

காஜா மைதீன்: முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க சார்…

கமருன்னிசா: சொல்லுங்க மச்சான். பென்சிலும் கையுமா நிக்கிறார்ல?

காஜா மைதீன்: என் பேரை எழுதாதீங்க, சார்… ஜவுளிக்கடையில என்னை வேலைக்குச் சேர்க்கிறப்ப எங்க அத்தா நாலு வயசைக் கூட்டிச் சொல்லிட்டார். அதையே பொண்ணு வீட்லயும் சொன்னோம்… சிரிக்காத கமரு! பேச்சு உனக்காக எழுதினது இல்ல. எனக்குப் போன மாசம்தான் இருபது முடிஞ்சுது.